வேலிக்கு இரண்டு பக்கமும் சீனிச் சம்பல்

பொறாமை கூடாது, அது நெருப்பு விறகைத் தின்பதுபோல நன்மையைத் தின்றுவிடும் என்று பள்ளியில் ஜும்ஆவுக்கு ஜும்ஆ சொல்கிறார்கள். சொல்லட்டும். சொல்கிற மௌலவிக்கு ராத்தாவும் தங்கச்சியும் ஒரே வளவில் குடியிருக்கிற பாடு தெரியுமோ என்னவோ. எனக்குத் தெரியும். மருதமுனையில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே அப்படி ஒரு வளவு இருக்கிறது. கிழக்குப் பாதியில் மூத்தவள் றாஹிலா, மேற்குப் பாதியில் இளையவள் பஸ்லியா. நடுவில் ஒரு வேலி, வேலியின் நடுவில் ஒரு கிணறு. எனக்கு இங்கே வீடு கொடுத்துக் கலியாணம் செய்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அல்லாஹ் எனக்குக் கண்ணைத் தந்திருக்கிறான், எதிர் வீட்டையும் தந்திருக்கிறான், நான் என்ன செய்ய.

றாஹிலாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள். பருத்த உடம்பு, அதைவிடப் பெரிய குரல். கணவர் ஜவுபர் ஓட்டோ ஓட்டுகிறவர். வீட்டுக்குள் வந்தால் வாயைத் திறப்பதில்லை, திறந்தும் பிரயோசனமில்லை என்று கலியாணமான முதல் மாதமே கண்டுகொண்ட மனிதர். ஆனால் றாஹிலாவின் கை இருக்கிறதே, அந்தக் கைக்கு எங்கள் ஒழுங்கையின் எல்லா வீடும் அடிமை. யார் வீட்டில் விருந்து என்றாலும், பிள்ளைக்குப் பேர் வைப்பது என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அதிலும் சீனிச் சம்பல். வெங்காயத்தை ஒரே அளவாக அரிந்து, அடுப்பை அடக்கி எரியவிட்டு, அதற்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள் என்றால் வீடு பற்றி எரிந்தாலும் எழும்பமாட்டாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டாள். மாசிக் கருவாட்டைத் தானே இடிப்பாள், இடித்துவைத்த மாசியைக் கடையில் வாங்குகிறவளை மனிசியாகவே மதிக்கமாட்டாள். இறக்கிவைத்ததும் கோப்பை கோப்பையாகப் பத்து வீட்டுக்குப் போகும். நானும் தின்றிருக்கிறேன், பொய் சொல்லவில்லை.

இப்படிக் கொடுக்கிற கை உள்ளவளுக்கு மனசு மட்டும் ஏன் அப்படி என்று கேட்பீர்கள். அதற்கு அந்த வளவின் கதையைச் சொல்லவேண்டும். எங்கள் கரையோரத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேருவார். மூத்தவளுக்கு அவசரமாக மாப்பிள்ளை வந்தது, வாப்பாவும் அவசரமாகக் கிழக்குப் பக்கம் இரண்டு அறையைக் கட்டிக் கொடுத்தார். உள்ளே பூச்சு, வெளியே வெறும் கல். பின்னால் பார்ப்போம் என்றார், அவருக்குப் பின்னால் என்பதே இருக்கவில்லை, மௌத்தாகிவிட்டார். தாய்வீடு கடைசி மகளுக்கு. அதுவும் ஊர் வழக்கம்தான், யாரும் குறை சொல்ல ஏலாது. பெரிய விறாந்தை, சீமெந்துத் தரை, வெளிச்சமான குசினி. உம்மாவும் கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தார். றாஹிலா பன்னிரண்டு வயதிலிருந்து உம்மாவோடு நின்று சமைத்த குசினி, ஒரு நாள் காலையில் தங்கச்சியின் குசினியாகிவிட்டது. தங்கச்சிக்கோ அப்போது சோறு வடிக்கவும் தெரியாது.

அந்த எரிச்சல் பழைய எரிச்சல். அது அடுப்படிச் சாம்பலுக்குள் கிடந்த தணல், யாரும் ஊதாமல் இருந்திருந்தால் அப்படியே கிடந்திருக்கும்.

ஊதியது கட்டார். பஸ்லியாவின் கணவர் இன்ஸாப் கட்டாரிலிருந்து முதுகு நோவோடு திரும்பி வந்துவிட்டார். இனிப் பாரம் தூக்க முடியாது. பஸ்லியா கொஞ்ச நாள் யோசித்தாள், போனைத் தட்டித் தட்டிப் பார்த்தாள், பிறகு வீட்டிலேயே சம்பல் செய்து போத்தலில் அடைத்து விற்கப்போகிறேன் என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். றாஹிலா எல்லோரையும்விடக் கூடுதலாகச் சிரித்தாள்.

அவள் சும்மா விற்கவில்லை. சட்டப்படி செய்தாள். சுகாதார அலுவலகத்துக்குப் போய் என்னென்ன வேண்டும் என்று கேட்டு வந்தாள். தைபொயிட்டு ஊசி போட்டாள், மெடிக்கல் எடுத்தாள், குசினி யன்னலுக்கு நுளம்பு வலை அடித்தாள், மூடியுள்ள குப்பை வாளி வாங்கினாள், பூனையை விரட்டினாள். பீ.எச்.ஐ. முஹ்ஸின் வந்து பார்த்தார். சுகாதாரப் பரிசோதகர் என்று நீட்டிச் சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் விளங்காது, பீ.எச்.ஐ. என்றால் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் எழும்பி நிற்பார்கள். இளம் ஆள், நிதானமான பேச்சு. கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார், நல்ல தண்ணீர் என்று வந்தது. பஸ்லியாவுக்குப் பதிவு கிடைத்தது. அதை அவள் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு, நடு வீட்டில் மக்கா படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள்.

அதையும் றாஹிலா பொறுத்துக்கொண்டாள். போத்தலில் ஒட்டியிருந்த லேபலைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பச்சை நிறத்தில், பூப்போட்டு, “பஸ்லியா சீனிச் சம்பல்” என்று பெரிதாக எழுதி, அதற்குக் கீழே “உம்மாவின் கைப்பக்குவம்” என்று இருந்தது.

அன்று பின்னேரம் அந்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்துக்கு மேலால் கேட்டது அவள் குரல். எதிர் வீட்டுக்காரி என்னை அவள் மதினி என்றுதான் கூப்பிடுவாள்.

“இஞ்ச பாருங்க மதினி. உம்மாட கைப்பக்குவமாம். உம்மா மௌத்தாகும்வரைக்கும் இவள் ஒரு வெங்காயம் அரிஞ்சதை ஆரும் கண்டீங்களா? உம்மாட கை என்ட கையிக்குத்தான் வந்திச்சி. அது ஊருக்கே தெரியும்.”

தெரியும்தான். தெரியாது என்று யார் சொன்னது? ஆனால் ஊர் காசு கொடுத்து வாங்கியது பஸ்லியாவின் போத்தலை. அதுதான் அவளுக்கு விளங்கவே இல்லை. இத்தனை வருடம் தன் கோப்பையை நக்கித் தின்றவர்கள், தங்கச்சி வீட்டு வாசலில் அறுநூறு ரூபாயை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு கலியாண வீட்டில் ஒரே தட்டைச் சுற்றிச் சகனில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்தவள் பஸ்லியாவின் சம்பல் இந்தச் சோற்றுக்கு எப்படி இருக்கும் என்று வாயூறிச் சொன்னாளாம். றாஹிலா பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழும்பி வந்துவிட்டாள். அடுத்த வீட்டுக்காரிக்குப் பிள்ளை பிறந்தால் அம்மிக் குழவியால் தன் வயிற்றில் இடித்துக்கொண்டாளாம் ஒருத்தி. அந்த மாதிரிக் கோலத்தில் வந்து என் விறாந்தையில் விழுந்தாள்.

நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். பஸ்லியாவின் சம்பலையும் நான் தின்று பார்த்தேன். நல்ல சம்பல்தான். ஆனால் மாசி போதாது, வெங்காயம் கொஞ்சம் அவசரப்பட்டிருந்தது. இந்தக் கையை விட்டுவிட்டு அந்தக் கைக்குப் பேர் போவதென்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

றாஹிலாவுக்குக் காசு பெரிதில்லை. ஜவுபரின் ஓட்டோ அடுப்பெரிக்கப் போதும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: உம்மாவின் கை றாஹிலாவுக்குத்தான் என்று பஸ்லியாவின் காது கேட்க ஊர் சொல்லவேண்டும். அதற்காக அவளும் பதிவு எடுத்து, போத்தலில் அடைத்து, லேபல் ஒட்டி விற்பது என்று முடிவு செய்தாள்.

சுகாதார அலுவலகத்துக்கு என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே முஹ்ஸின் சொன்ன ஒவ்வொன்றும் அவளுக்கு அவமானமாக இருந்தது. நகம் வெட்டியிருக்கவேண்டுமாம். பழைய ஜாம் போத்தலில் அடைக்கக்கூடாதாம். சேர்க்கிற சாமான் எல்லாவற்றையும் லேபலில் எழுதவேண்டுமாம். எல்லாவற்றையும் எழுதினால் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள் பார்த்துச் செய்துவிடுவாளே என்று என் காதுக்குள் பதறினாள். காலாவதித் தேதி போடவேண்டும் என்றதும் எழும்பியே நின்றுவிட்டாள். என் சம்பல் கெட்டுப்போகும் என்று நானே எழுதி ஒட்டுவதா, தங்கச்சியும் ஒட்டியிருக்கிறாளா என்று கேட்டாள். ஒட்டியிருக்கிறா என்றார் முஹ்ஸின். எத்தனை மாதம் போட்டிருக்கிறாள் என்றாள். அவர் சொன்னார். அப்படியானால் எனக்கு அதைவிட ஒரு மாதம் கூடப் போடுங்கள் என்றாள். அந்த மனிதர் சிரிக்காமல் இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

பிறகு அவர் வந்து குசினியைப் பார்த்தார். ஒரு குறை சொன்னார். மலசலகூடத்தின் கதவு குசினிக்கு நேரே திறக்கிறது, இது சரிவராது. குசினிக்குத் தூரமாக வேறொன்று கட்டுங்கள், கட்டினதும் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன் என்றார். குழியை எந்தக் கிணற்றுக்கும் கிட்ட வெட்டவேண்டாம் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார். நானும் பக்கத்தில் நின்றேன், என் இரண்டு காதாலும் கேட்டேன்.

றாஹிலாவும் கேட்டாள். ஆனால் கேட்டதை மனசு எடுக்கவில்லை. அவளுடைய வளவில் மலசலகூடம் கட்ட இரண்டு இடம் இருந்தது. ஒன்று தெருப்பக்க மூலை. கிணற்றுக்கு நல்ல தூரம். ஆனால் அந்த மூலையில் சம்பல் விற்கச் சின்னதாக ஒரு கூடு போடப்போகிறேன், றோட்டால் போகிறவர்கள் முதலில் என் பேரைத்தான் பார்க்கவேண்டும் என்றாள். மற்றது பின்பக்கம், வேலியோரம். கிணற்றுக்கு மிகவும் கிட்ட. வேலிக்கு அந்தப் பக்கம் நேரே பஸ்லியாவின் குசினி யன்னல்.

மேசன் அச்சிமுகம்மது மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார். கிணறு கிட்ட இருக்கிறது, இது மணல் தரை, எல்லாம் ஊறிப்போய்ச் சேரும் என்றார். ஜவுபர்கூட அன்று வாயைத் திறந்தார். றாஹிலா ஒரே போடாகப் போட்டாள்.

“கிணறு எனக்குத் தேவல்ல. நான் பைப்புக்கு எழுதிக் குடுத்திரிக்கன். கிணறு அவள்ர. நீங்க வெட்டுங்க.”

கடற்காற்று கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கிறது, நாற்றம் நேரே தங்கச்சியின் குசினிக்குள் போகுமே புள்ள என்று நான் மெதுவாகச் சொன்னேன். காத்துக்கு நான் என்ன செய்ய என்று கேட்டாள். கேட்கும்போது அவள் கண்ணில் ஒரு சந்தோசம் தெரிந்தது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, இது இடம் போதாமல் வெட்டுகிற குழி இல்லை. அந்தக் குசினி அவளுடையது, அதில் இப்போது தங்கச்சி நிற்கிறாள், அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். அவ்வளவுதான் நோக்கம்.

பஸ்லியா ஒரு தரம் வேலிக்குள் தலையை நீட்டி, ராத்தா, இதைக் கொஞ்சம் அங்கால தள்ளிக் கட்ட ஏலாதா என்று கேட்டாள். இடமில்லை என்றாள் றாஹிலா. பஸ்லியா தலையை உள்ளே எடுத்துக்கொண்டாள். அடுத்த நாள் அவள் யன்னலை மூடிக்கொண்டு சமைத்தாள். அந்தப் புழுக்கத்தில், அடுப்புக்கு முன்னால். றாஹிலா அதை என்னிடம் வந்து சொன்னாள், வெற்றிலையையும் போட்டுக்கொண்டு.

மாரி வந்தது. அந்த முறை பேய் மழை. கிணறு வாய் முட்ட நிறைந்தது, வளவெல்லாம் தண்ணீர். முஹ்ஸினும் டெங்கு வேலையில் ஓடித் திரிந்தார், றாஹிலாவின் வீட்டுப் பக்கம் வர நேரமில்லை. அதற்குள் பஸ்லியாவுக்கு ஒரு பெரிய இடம் கிடைத்துவிட்டது. அறுகம்பேயில் வெள்ளைக்காரர் தங்குகிற ஒரு கெஸ்ட்ஹவுஸ். காலையில் ரொட்டியோடு வைக்க, சீசன் முழுவதும் கிழமைக்குக் கிழமை போத்தல் வேண்டுமாம். இன்ஸாபின் முகத்தில் அன்றைக்குத்தான் ஊர் வந்த பிறகு ஒரு சிரிப்பைக் கண்டேன். றாஹிலாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வெள்ளைக்காரனுக்கு மாசியின் ருசி எங்கே தெரியப்போகிறது, அதுதான் அவள் பிழைக்கிறாள் என்றாள்.

அப்போதுதான், மழை விட்ட பிறகு, முஹ்ஸின் வந்தார். றாஹிலா புது அபாயா போட்டுக்கொண்டு நின்றாள். குசினி பளபளத்தது. பைப்பைத் திறந்து காட்டினாள். எல்லாம் சரி என்றார். றாஹிலா என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள், பட்டம் வாங்கின பிள்ளைபோல. பிறகு அவர் பின்பக்கம் போனார். புது மலசலகூடத்தைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். இந்தக் கிணற்றை இப்போதும் பாவிக்கிறீர்களா என்று கேட்டார்.

றாஹிலா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்: “அது என்ட தங்கச்சிட கிணறு சேர். அவள் இந்தத் தண்ணிலதான் எல்லாம். நான் பைப்.”

தங்கச்சியைவிடத் தன் குசினி சுத்தம் என்று காட்டத்தான் சொன்னாள். சத்தியமாக அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

முஹ்ஸின் இன்னொரு தரம் குழியையும் கிணற்றையும் பார்த்தார். பிறகு பஸ்லியாவைக் கூப்பிட்டார். வேலியில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி இருந்தது, அதன் வழியாக வந்தாள், கையில் மா ஒட்டியிருந்தது. கிணற்றுத் தண்ணீரைத் திரும்பவும் சோதிக்கவேண்டும், முடிவு வரும்வரை ஒரு போத்தலும் வெளியே போகக்கூடாது என்றார். பஸ்லியாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சம்பலில் தண்ணீர் சேர்ப்பதே இல்லை சேர் என்றாள். போத்தல் கழுவுவது எந்தத் தண்ணீரில் என்று கேட்டார். அவள் கிணற்றைப் பார்த்தாள். நடு வீட்டில் அறுகம்பேக்குப் போகவேண்டிய முதல் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. றாஹிலாவின் பக்கம் திரும்பி, குழியை மூடி வேறு இடத்தில் கட்டும்வரை உங்களுக்கும் பதிவு தர ஏலாது என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

எதிரிக்குச் சகுனப் பிழை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்ட கதையை நான் கேட்டுத்தான் இருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

தண்ணீர் பழுது என்று முடிவு வந்தது. இன்ஸாபுக்கு ஒரு மாதமாக வயிறு சரியில்லாமல் இருந்த காரணமும் அப்போதுதான் தெரிந்தது. கட்டிவைத்த போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பின்பக்கம் ஒரு கிடங்கு வெட்டி, சம்பலைக் கொட்டி மூடினாள் பஸ்லியா. வெங்காய வாசம் ஒழுங்கை முழுவதும் நின்றது. கெஸ்ட்ஹவுஸ்காரன் பொத்துவிலில் வேறொரு ஆளைப் பிடித்துக்கொண்டான். அவன் யாவாரம், அவனுக்கென்ன.

பஸ்லியா கொட்டுவதை றாஹிலா தன் அறை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் றாஹிலாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் அவளுக்குச் சந்தோசம்தான், நான் மறைக்கமாட்டேன், என்னிடம் வாய் விட்டே சொன்னாள். அடுத்த நாள் காலையில் அந்தச் சந்தோசத்தைத் தேடிப் பார்த்தாள்போல, கிடைக்கவில்லை. தங்கச்சி வந்து சண்டை பிடிப்பாள், தானும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று வேலியோரமாகவே நடந்து திரிந்தாள். பஸ்லியா வரவில்லை. இன்ஸாப்தான் வந்தார். ஒரு தகரத்தைக் கொண்டுவந்து வேலி இடைவெளியில் வைத்து ஆணி அடித்தார். முதுகு நோகக் குனிந்து குனிந்து அடித்தார். 

றாஹிலா குழியை மூடினாள். தெருப்பக்க மூலையில் கூடு போடுகிறேன் என்று வைத்திருந்த இடத்தில்தான் கடைசியில் மலசலகூடம் வந்தது. பஸ்லியாவும் பைப் எடுத்து, திரும்பச் சோதனைக்குக் கொடுத்து, முதலிலிருந்து தொடங்கினாள். பழைய ஓட்டம் இல்லை. பதிவு ஒரு தரம் நின்றுபோன வீடு என்றால் சனம் யோசிக்கும். றாஹிலாவுக்கும் பதிவு வந்தது. அவளும் சட்டம் போட்டுத் தொங்கவிட்டாள். லேபலில் என்ன போடுவது என்று ஒரு கிழமை யோசித்தாள். “உம்மாவின் கைப்பக்குவம்” அந்தப் பக்கம் போய்விட்டது. கடைசியில் “மூத்த மகள் றாஹிலாவின் கைப்பக்குவம்” என்று அடித்தாள். எழுத்து பஸ்லியாவின் எழுத்தைவிட ஒரு சுற்றுப் பெரிது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த பிறகு, விறாந்தையில் மேசை போட்டு போத்தல்களை அடுக்கினாள். முதல் நாள் முழுவதும் அடுப்படியில் இருந்தவள், கண் சிவந்திருந்தது. வாசம் எங்கள் வீட்டுக்குள் வந்து எங்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனது. ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் வந்தோம். வந்தவர்கள் கையில் என்ன இருந்தது தெரியுமா? கோப்பை. பீங்கான் கோப்பை, எவர்சில்வர் கோப்பை. இத்தனை வருடப் பழக்கம் கையை விடுமா? பஸ்லியாவின் வாசலுக்குக் காசோடு போன கால்கள், றாஹிலாவின் வாசலுக்குக் கோப்பையோடுதான் வந்தன. என் கையிலும் இருந்தது. நான் அதை முந்தானைக்குள் மறைத்தேன்.

றாஹிலா மேசைக்குப் பின்னால் நின்றாள். போத்தல் அறுநூற்றைம்பது என்று சொல்லவேண்டும். சொல்ல வாய் வரவில்லை. கொடுத்துப் பழகின வாய் அது. ஒருத்தி, கொஞ்சம் போடு புள்ள, ருசி பார்ப்போம் என்றாள். இன்னொருத்தி, எனக்கு மகள்ட ஊட்டுக்கும் சேத்து என்றாள். றாஹிலா எங்கள் கோப்பைகளைப் பார்த்தாள், போத்தல்களைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய குரல் உள்ளவள், காசு என்ற ஒரு சொல்லைத் தொண்டையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து வாசல் கடப்படி திறந்தது. பஸ்லியா. றோட்டைச் சுற்றி, மற்ற ஆட்கள் வருகிறதுபோல, கையில் காசுப் பையோடு வந்தாள். நாங்கள் விலகி வழி விட்டோம். அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்று ஒரு போத்தலை எடுத்தாள். லேபலைப் படித்தாள். எவ்வளவு ராத்தா என்று கேட்டாள்.

“உனக்கிட்ட நான் காசு வாங்குறதா? எடுத்திட்டுப் போ புள்ள,” என்றாள் றாஹிலா. 

“யாவாரம் யாவாரம்தானே ராத்தா. வெளி ஆக்கள் காசி குடுத்துத்தான் வாங்கணும்.”

 ஒரு வயிற்றுப் பிள்ளைகள் தின்கிற பொருளுக்குக் காசு கொடுத்து வாங்குவது எங்கள் பக்கம் இல்லை. அரிசி போகும், கறி போகும், தேங்காய் போகும், அதற்கு மாற்று வேறொரு நாள் வேறொரு பாத்திரத்தில் வரும். காசு வந்தால் உறவு முடிந்தது என்று அர்த்தம். உன் உப்பு என் உடம்பில் வேண்டாம் என்று அர்த்தம். வந்திருந்த எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும். 

பஸ்லியா காசை மேசையில் வைத்தாள். முழுக்காசு. பிறகு அங்கேயே நின்று போத்தலைத் திறந்து, விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள் றாஹிலா. ஏதாவது குறை சொல்லமாட்டாளா, சண்டையைத் தொடங்கமாட்டாளா என்று அவள் துஆக் கேட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

“நல்லாரிக்கி,” என்றாள் பஸ்லியா. “உம்மா செஞ்ச மாதிரியே இரிக்கி. எனக்கு எத்தின தரம் செஞ்சாலும் இந்தப் பதம் வருகுதில்ல. உம்மாட கை உங்களுக்குத்தான் ராத்தா.”

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். கோபம் இருந்தது, காசை வைத்த கையில் தெரிந்தது. ஆனால் சொன்னது பொய்யில்லை, குத்தலும் இல்லை. அவள் கண் நிறைந்திருந்தது. போத்தலை மூடி எடுத்துக்கொண்டு, வந்த வழியே றோட்டால் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாகக் கோப்பையை ஒளித்துவைத்துவிட்டுக் காசை எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மேசை காலியாகும் நிலைக்கு வந்தது. றாஹிலா விற்றாள், வாங்கினாள், மிச்சம் கொடுத்தாள். பஸ்லியா வைத்த காசை மட்டும் தொடவில்லை. முதல் யாவாரக் காசைக் கண்ணில் ஒற்றி, பிஸ்மில் சொல்லிப் பெட்டியில் போடுவது எல்லோரும் செய்கிறது. அது மேசையில் வைத்தபடியே கிடந்தது.

சனம் போன பிறகு நான் மட்டும் நின்றேன். பார்த்தாயா, நீ கேட்க ஆசைப்பட்டதை அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள், இனியாவது மனம் ஆறு புள்ள என்று சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். றாஹிலா கதிரையில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. பழைய எரிச்சல்தான் முகத்தில் இருந்தது, அதைவிடக் கூடுதலாக.

“எனக்கெண்டா வருமா மதினி?” என்றாள். “அவள்ர சம்பல் நல்லாரிக்கி எண்டு ஒரு நாளைக்கி, ஒரே ஒரு நாளைக்கி, என்ட வாயால வந்திரிக்குமா? தாய் ஊட்டைத்தான் அவளுக்குக் குடுத்தா எண்டு பாத்தா, அந்த மனசையும் உம்மா அவளுக்கே குடுத்திட்டுப் போயிட்டா.”

 மிச்சமிருந்த ஒரு போத்தலை எடுத்து, அதற்கான காசை மேசையில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்தேன்.